வீட்டுப் பட்டறையில் துப்பாக்கி செய்யலாமா?

கேள்வி: நான் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி அருகே வசிக்கிறேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன். காப்பித் தோட்ட வேலை போக, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு ஒரு சிறிய லேத்தும் கொல்லுலையும் வைத்திருக்கிறேன். என் தாத்தாவிடம் குழல்வாய் வழியாக வெடிமருந்து நிரப்பி, அடித்தால் பொறி தெறிக்கும் கேப் மாட்டிச் சுடும் பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. உரிமம் அவர் பெயரில்தான். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. துப்பாக்கி பரணில் சாக்குக்குள் கிடக்கிறது. அமெரிக்காவில் சிலர் பழைய முறைப்படி, கருமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்தால் சுடும் ரைஃபிள்களைத் தங்கள் வீட்டிலேயே செய்யும் காணொளிகளைப் பார்த்து, நானும் ஒன்றைக் கையாலேயே செய்ய ஆசைப்படுகிறேன். விற்பதற்கு இல்லை, வேட்டைக்கும் இல்லை. பழைய பாணித் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்களே, உண்மையா? குழலுக்கு எந்த இரும்பு ஏற்றது? தாத்தாவின் துப்பாக்கியில் ஏறியிருக்கும் துருவை எப்படி எடுப்பது?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, உரிமம் பெற்ற பட்டறையில் துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில். நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தைப் படித்ததும் என்னைக் கவலைப்படுத்தியது நீங்கள் கேட்காத ஒன்று: பரணில் கிடக்கும் அந்தச் சாக்கு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தத் துப்பாக்கியை இனி நீங்கள் தொட வேண்டாம். முதற்காரணம், அதற்குள் மருந்தும் ரவையும் (சிறு ஈயக் குண்டுகளும்) இன்னும் இருக்கக்கூடும். தோட்டங்களில் வாழ்ந்த நம் பெரியவர்கள், இரவில் பன்றி இறங்கினால் உடனே எடுக்கலாமென்று நிரப்பியே மாட்டி வைத்திருப்பது வழக்கம். வாய்வழியாக நிரப்பும் துப்பாக்கியை ஒருமுறை நிரப்பிவிட்டால் அதை வெளியே எடுக்கச் சுலபமான வழி சுடுவது மட்டுமே என்பதால், சுடாத இரவுகளின் மருந்து உள்ளேயே தங்கிவிடும். ஈரம் படாத கருமருந்து ஆண்டுகள் பல கடந்தாலும் வீரியம் இழப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு மலைக்கிராமம் ஒன்றிலிருந்து உரிமதாரர் ஒருவர், நாற்பது ஆண்டுகளாக யாரும் சுடாதது என்று சொல்லி ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்தார். குழலுக்குள் மரக்கோலை விட்டு அளந்து, அதே கோலைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தபோது, பற்றவைக்கும் துளைக்கு நான்கு விரற்கடை முன்னதாகவே கோல் நின்றுவிட்டது தெரிந்தது. அந்த நான்கு விரற்கடையும் மருந்து, தக்கை, ரவை. அவர் வீட்டுப் பிள்ளைகள் அதை எடுத்து எத்தனை முறை விளையாடியிருப்பார்களோ என்று நினைத்து அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டாவது காரணம் சட்டம். உரிமம் என்பது துப்பாக்கியோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அது ஓர் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. தாத்தா இறந்த நாளோடு அந்த உரிமமும் முடிந்துவிட்டது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி, ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமற்போனால், காலதாமதம் இல்லாமல் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உங்கள் மனத்தில் தவறான எண்ணம் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டதால், ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, தாத்தாவின் இறப்புச் சான்றிதழையும் பழைய உரிமப் புத்தகத்தையும் இணைத்து, நடந்ததை மறைக்காமல் எழுதிய மனுவோடு உங்கள் காவல் நிலையத்துக்குப் போங்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போகாதீர்கள். உள்ளே மருந்து இருக்கலாம் என்ற ஐயத்தையும் மனுவில் குறிப்பிட்டு, அவர்களே வந்து எடுத்துச் செல்லும்படி கேளுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது கட்டாயம் வாங்குங்கள். அதில் குழலின் நீளமும், அதில் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்தும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னால் துப்பாக்கியைத் திரும்பப் பெற அதுவே ஆதாரம்.

ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விட்டது என்று எண்ண வேண்டாம். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதமும், பாதுகாப்புப் பயிற்சி பெற்றதற்கான சான்றும் தேவைப்படும். உங்கள் ஊருக்கு இன்னொரு நிபந்தனையும் இருக்கக்கூடும். 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய ஆயுத உரிமம் வழங்குவதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்கிறது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் வீடு அந்த எல்லைக்குள் வருமானால் விண்ணப்பம் நகர நாளாகும். பொறுமையாக இருங்கள்.

இனி, பழைய பாணித் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பாதி கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள். ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த வகையைச் சேர்ந்த அல்லது தொன்மை மதிப்புடைய ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மையே. ஆனால் அதே வரியின் மறுபாதி, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாத நிலையில் அது இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் தாத்தாவின் துப்பாக்கி ஒரு ஸ்பிரிங்கை மாற்றினால் சுடக்கூடும் என்றால் அதற்கு விலக்கு இல்லை. நேற்றுப் புதிதாகச் செய்த ஒன்றுக்குத் தொன்மை மதிப்பு எப்படி வரும்? குடகில் உரிமமில்லாமல் வைத்திருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். குடகு மக்களுக்கும் அங்குள்ள ஜம்மா என்னும் பரம்பரை நில உடைமையாளர்களுக்கும் மத்திய அரசு தனி அறிவிக்கையால் கொடுத்திருக்கும் விலக்கு அது. துப்பாக்கி வைத்திருக்கவே அந்த விலக்கு. செய்வதற்கு அங்கும் இல்லை. நம் பழனி மலைக்கு அது பொருந்தவே பொருந்தாது.

செய்வதைப் பற்றிச் சட்டம் சொல்வது இன்னும் கடுமையானது. 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி செய்வதற்கும், மாற்றியமைப்பதற்கும், பழுதுபார்ப்பதற்கும், சோதித்துப் பார்ப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் செய்தால் குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். விற்பனைக்கு இல்லை, சொந்தப் பயன்பாட்டுக்கே என்பதற்கு இதில் சலுகை கிடையாது. ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் உறுப்புகளையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் சட்டம் சேர்த்தே வைத்திருப்பதால், பாதி முடிந்த குழலும் விசைப்பொறியும் உங்கள் கொட்டகையில் இருந்தால், அவற்றோடு உங்கள் லேத்தும் வழக்குக்குள் போய்விடும். கருமருந்தை வீட்டில் கலப்பது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். எனவே குழலுக்கு எந்த இரும்பு என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் விடை எழுதப் போவதில்லை. தண்டனை ஒன்றுக்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. என் மேசைக்கு வந்த வெடித்த குழல்களும் அவற்றைப் பிடித்திருந்தவர்களின் கைகளும் எனக்கு நினைவிருக்கின்றன.

நீங்கள் ஃபிட்டர் என்பதால் இதைத் தொழில்முறையில் சொன்னாலே விளங்கும். மருந்து பற்றும் அந்தக் கணத்தில் குழலின் அடிப்பகுதி தாங்கும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்குப் பல ஆயிரம் பவுண்டு. தண்ணீர்க் குழாய் அழுத்தத்தை மெதுவாகத் தாங்கிக்கொண்டிருப்பது. துப்பாக்கிக் குழலுக்கு ஒவ்வொரு முறையும் அது சம்மட்டி அடி. நம் மலைகளில் திருட்டுத்தனமாகச் செய்யப்படும் நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஏதாவதொரு பழைய குழாயில் செய்தவை. வெல்டிங் தையல் உள்ள குழாய் அந்தத் தையலின் வழியே நீளவாக்கில் பிளந்துகொள்கிறது. தையல் இல்லாத குழாயிலும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசலோ, குழலை அடியில் அடைக்கும் திருகில் தளர்வோ இருந்தால், அது திறப்பது சுடுபவரின் முகத்துக்கு நேராகத்தான். இதைவிடவும் ஏமாற்றக்கூடியது, முதல் பத்து முறை ஒழுங்காகச் சுட்டுவிட்டுப் பதினோராம் முறை வெடிக்கும் குழல். பத்து முறை தாங்கிவிட்டதே என்று சுடுபவர் நம்பியிருப்பார். ஆனால் ஒவ்வொரு முறையும் விரிசல் ஒரு மயிரிழை வளர்ந்திருக்கும். அப்படி இடக்கையின் மூன்று விரல்களை இழந்தவரை எனக்குத் தெரியும். அவரும் உங்களைப் போலக் கைத்தொழிலில் தேர்ந்தவர்.

இந்தப் பயத்துக்கு உலகம் கண்ட மருந்துதான் குழல் சோதனை. வழக்கமாகச் சுடுவதைவிடக் கூடுதலான மருந்தை நிரப்பி, ஆள் அருகில் இல்லாமல் சுட்டுப் பார்த்து, குழலை அளந்து, தாங்கினால் முத்திரை குத்துவது இதன் முறை. குழல்களைச் சோதித்து முத்திரை குத்தும் உரிமையோடு லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காமில் 1813இல் சோதனைக்கென்றே தனி நிலையம் அமைந்தது. நம் நாட்டிலும் முத்திரையில்லாத துப்பாக்கி விற்பனைக்கு வர முடியாது. பீகாரின் முங்கேரில் 18ஆம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் ஆயுதச்சாலை அமைத்ததிலிருந்து அந்த ஊரின் கொல்லர்கள் இந்தத் தொழிலில் பெயர் பெற்றார்கள். அங்கே இன்றும் அரசு உரிமத்தோடு துப்பாக்கி செய்யும் சிறிய கூடங்கள் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகச் செய்பவர்களின் குழலும் சோதனைக்குப் போயே தீர வேண்டும்.

நீங்கள் காணொளிகளில் பார்த்தவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் கலையின்மேல் எனக்கும் தீராத காதல் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பகுதியில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த நீண்ட ரைஃபிள் அது. உங்கள் தாத்தாவுடையது பெரும்பாலும் வழவழப்பான உட்புறம் கொண்ட, ரவை போட்டுச் சுடும் துப்பாக்கியாகத்தான் இருக்கும். ரைஃபிள் என்றால் குழலின் உட்சுவரில் முறுக்கிச் செல்லும் புரிகள் வெட்டியிருக்க வேண்டும். எண்ணெயிட்ட துணித் துண்டில் சுற்றிய ஈயக்குண்டு அந்தப் புரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியேறுவதால் பம்பரம்போல் நிலைகுலையாமல் நெடுந்தூரம் பறக்கிறது. அந்தக் காலத்துக் கொல்லர் இரும்புப் பட்டையை ஒரு கம்பியின்மேல் சுருட்டி, அங்குலம் அங்குலமாக உலையில் காய்ச்சி அடித்து ஒட்டவைத்தார்; பிறகு நாள்கணக்கில் குடைந்தார்; அதன்பின் மரத்தில் செய்த வழிகாட்டி உருளையின் துணையோடு ஒவ்வொரு புரியையும் கையாலேயே இழுத்து இழுத்துச் சுரண்டினார். வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் இந்த முறையை அக்காலக் கருவிகளைக் கொண்டே செய்து காட்டுகிறார்கள். ஆனால் அந்த நாட்டின் வீட்டுப் பட்டறைக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் குழலைத் தாங்களே செய்வதில்லை என்பதைக் காணொளிகள் அழுத்திச் சொல்வதில்லை. குழலுக்கென்றே இருக்கும் தொழிற்கூடத்தில் அதை வாங்கிக்கொள்கிறார்கள். பலர் விசைப்பொறியையும் வாங்குகிறார்கள். மாதக்கணக்கில் அவர்கள் உழைப்பது குழலையும் பொறியையும் தாங்கும் மரமான அடிக்கட்டையில்: சுருள்நெளி ஓடிய மேப்பிள் பலகையில் குழலும் பொறியும் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் உட்காரும்படி குடைவதிலும், பித்தளைப் பட்டைகளைப் பதிப்பதிலும், செதுக்குவதிலும். வாய்வழியாக நிரப்பும் பழைய பாணித் துப்பாக்கிகளை அந்த நாட்டின் 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் மற்றத் துப்பாக்கிகளிலிருந்து விலக்கி வைத்திருப்பதால் அவர்களால் வெளிப்படையாகச் செய்ய முடிகிறது. அவர்கள் சட்டம் அவர்கள் ஊருக்கு.

அப்படியானால் உங்கள் கைக்கு என்ன வேலை? இந்தக் கலையின் நுட்பம் பெரிதும் குழலில் இல்லை, பொறியில் இருக்கிறது என்பது என் கருத்து. குதிரையை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போது பாதியில் ஒருமுறை, முழுவதில் ஒருமுறை ‘டக்’ என்று பிடித்து நிற்கும் அந்தப் பற்கள், அவற்றைத் தாங்கும் தட்டை வில் (ஸ்பிரிங்), விசையைத் தொட்டதும் ஒன்றோடொன்று உரசாமல் நழுவும் முகங்கள் — இவையெல்லாம் அரமும் பதமும் அறிந்த கையின் வேலை. இதே வேலையை மலையிலிருந்து இறங்கினால் திண்டுக்கல்லில் பார்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் உள்ளே இருப்பதும் வில்லும் நெம்புகோலும் பல்லும்தான். கையால் செய்யும் மாங்காய்ப் பூட்டுக்குப் பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கற்றுக்கொடுக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வில்லைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு நீலம் பாயும்வரை மெல்லச் சூடேற்றிப் பதம் இறக்க உங்களுக்கு வந்துவிட்டதென்றால், துப்பாக்கிக் கொல்லரின் கல்வியில் கடினமான பாதியைக் கற்றுவிட்டீர்கள். மரத்தில் குடையும் வேலைக்கு உங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக்கும் பலாவும் போதும். பித்தளை மூலைகள் பதித்த ஒரு மரப்பெட்டி செய்து, அதற்கு உங்கள் கையாலேயே பூட்டும் செய்து பாருங்கள்.

சுடும் ஆசையும் உள்ளே இருக்குமானால் அதை மறைக்க வேண்டாம். 4.5 மில்லிமீட்டர் அளவிலான, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதை ரசீதோடு முறையாக வாங்கி, துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் சேர்ந்து பயிலுங்கள். காட்டுக்குள் மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

கடைசியாகத் துரு. இதற்கும் உரிமம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் எதைச் செய்யக் கூடாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மற்றவரையும் தேய்க்க விடாதீர்கள். குழலில் பொறித்திருக்கும் எண்ணையோ பெயரையோ அழிப்பது ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி குற்றம்; துருவைத் தேய்க்கப் போய் எண்ணைத் தேய்த்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய குழலின்மேல் படிந்திருக்கும் ஆழ்ந்த பழுப்பு நிறம் அழுக்கு இல்லை, அது இரும்புக்குக் கவசம். சிவந்து பொடியாக உதிர்வதுதான் நோய். கருமருந்து எரிந்த கரி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் உங்கள் மலையில் சுவரே வியர்க்கும்போது, கழுவாமல் வைத்த குழலின் உட்புறம் எப்படி இருக்குமென்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கரி எண்ணெயில் கரையாது, வெந்நீரில்தான் கரையும். கழுவி, முற்றிலும் உலர்த்தி, அதன் பிறகே மெல்லிய கனிம எண்ணெய் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து இறுகிவிடும். சாக்கும் தோலுறையும் ஈரத்தை அணைத்து வைத்திருப்பவை. அடிக்கட்டைக்கு வார்னிஷ் அடித்துவிட்டால் பழைய மரத்தின் முகமே போய்விடும். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டுச் சில சொட்டுகள் தேய்த்தாலே போதுமானது.

உரிமம் உங்கள் பெயருக்கு வந்த பிறகு, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் அந்தத் துப்பாக்கியைக் கொண்டு போங்கள். முதலில் அவர் மரக்கோலை விட்டு அளப்பார். உள்ளே ஏதும் இருந்தால் அதை எடுத்த பிறகு பொறியைக் கழற்றி மேசையில் பரப்புவார். அப்போது பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பெயர் தெரியாத ஒரு கொல்லர் அந்த வில்லை எப்படி வளைத்திருக்கிறார், அரத்தின் கோடுகளை எந்தப் பக்கம் விட்டிருக்கிறார் என்று நிதானமாகப் பாருங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். ஒவ்வொரு உறுப்பையும் அளவெடுத்து வரைந்துகொள்ளுங்கள். ஒருவேளை உரிமம் கிடைக்காமற்போனால், துப்பாக்கியை அருங்காட்சியகத்துக்கு வழங்க விரும்புவதாக மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம். அப்போது உங்கள் தாத்தாவின் பெயரையும் ஊரையும், அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு வந்த கதையையும் தெரிந்தவரை எழுதி அதனோடு சேர்த்து அனுப்புங்கள்.